பறவை வீரனாகிறது - மனிதன் என்னவாகிறான்?

பறவையாகப் பாய்கிறது; பாதி வழியில் கால் முளைக்கிறது; கண் மூடித் திறப்பதற்குள் கையும் தலையும் பெற்று, துப்பாக்கி ஏந்திய வீரனாக எதிரே நிற்கிறது! மாயமா? மந்திரமா? இரண்டும் இல்லை, தோழர்களே! முனிவரின் சாபமும் இல்லை, தேவரின் வரமும் இல்லை. கீல் உண்டு, மடிப்பு உண்டு, கணக்கு உண்டு. அந்த மூன்றையும் சேர்த்துப் பிசைந்த ஓர் இளைஞனின் கற்பனை உண்டு. அவ்வளவே!

1982-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு சித்திரத் தொடர் தொடங்கிற்று. 'சூப்பர் டைமென்ஷன் ஃபோர்ட்ரஸ் மாக்ரோஸ்' என்பது அதன் பெயர். 36 பகுதிகள், 1983 ஜூன் மாதம் முடிந்தது. அந்தக் கதையிலே வரும் உலக ஐக்கியப் படைக்கு 'யு.என். ஸ்பேசி' என்று பெயர். அந்தப் படையின் போர் விமானம்தான் நாம் மேலே சொன்ன பறவை. 'வி.எஃப்.-1 வால்கிரி' என்று அதை அழைக்கிறார்கள். வடபுலத்துப் பழங்கதையிலே, களத்தில் வீழ்ந்த வீரர்களில் யாரை அழைத்துச் செல்வது என்று தேர்ந்தெடுக்கும் கன்னியர் வருவார்கள்; அவர்களின் பெயர் இது.

"ஆலையிலே எட்டு மணி நேரம் உழைத்து, அலுத்து, வீடு திரும்பும் தொழிலாளிக்குச் சிறுபிள்ளைகளின் சித்திரக் கதையைச் சொல்ல வந்துவிட்டீர்களே! வேறு பொருளே கிடைக்கவில்லையா?" - இப்படி முகம் சுளிப்போர் உண்டு. சுளிக்கட்டும்! நாம் வருந்தமாட்டோம். அரசியல் என்பது மேடையிலே மட்டும் இருக்கிறது என்று எண்ணுபவர்களுக்குத்தான் பொம்மையிலே அரசியல் இருப்பது தெரியாது. போரை யார் தொடங்குகிறார்கள், யார் சாகிறார்கள், யார் வீடு இடிகிறது, பாடத் தெரியாத சிப்பாயை யார் உருவாக்குகிறார்கள், பாட்டையே பீரங்கியாக்குவது யார் - இத்தனை கேள்விகளும் அந்தச் சிறுபிள்ளைக் கதையிலே இருக்கின்றன. கேட்கத் தெரிந்தவனுக்குக் கேட்கும்.

கருவி யார் கையில்?

இந்தப் பறவை வெறுங்கூட்டிலிருந்து பறந்து வரவில்லை. அதற்கு முன்னோர் உண்டு.

1945-இல் இரு நகரங்கள் அணுகுண்டுக்கு இரையாயின. 1947-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 9-ஆம் விதியிலே, போர் தொடுக்கும் உரிமையையே துறந்துவிட்டதாக ஜப்பான் எழுதி வைத்தது. அந்த நாட்டிலே, 1956-இல், மிட்சுதெரு யோகோயாமா என்பவர் 'டெட்சுஜின் 28' என்ற படக்கதையைத் தீட்டத் தொடங்கினார். போர்க்காலத்தில் பட்டாளத்துக்காகச் செய்யப்பட்ட இரும்பு மனிதன் ஒருவன், போர் முடிந்த பிறகு ஒரு சிறுவனிடம் வந்து சேருகிறான். அந்த இரும்பு மனிதனுக்குச் சொந்த அறிவு கிடையாது. சிறுவன் கையிலே ஒரு பெட்டி. பெட்டியின் விசையை இயக்கினால் இரும்பு மனிதன் இயங்குவான். பெட்டி சிறுவனிடம் இருந்தால் ஊருக்குக் காவல். கள்வனிடம் சிக்கினால் ஊருக்கே கேடு! இரும்பு ஒன்றுதான், கை வேறு.

என்னே எளிய பாடம்! கருவிக்கு நல்லது கெட்டது தெரியாது. கருவியைப் பிடித்தவனுக்குத் தெரிய வேண்டும்.

1972-இல் கோ நாகாய் தந்த 'மஸிங்கர் இஸட்' வந்தது. அதிலே மனிதன் வெளியே நின்று பெட்டியைத் தட்டவில்லை. இயந்திரத்தின் தலைக்குள்ளேயே ஏறி அமர்ந்துகொண்டான். 1979-இல் யோஷியுகி டொமினோ இயக்கிய 'கண்டம்' வந்தது. அதிலே இரும்பு மனிதன் தனிப்பிறவி அல்ல. தொழிற்சாலையிலே வரிசை வரிசையாக வார்த்தெடுக்கப்படும் படைக்கருவி. உடைந்தால் மாற்று உறுப்பு வரும். செத்தால் மாற்றுச் சிப்பாய் வருவான்! தொடக்கத்தில் அந்தத் தொடரைப் பார்ப்பார் குறைவு என்று சொல்லி 43 பகுதிகளோடு சுருக்கிக்கொண்டார்கள். பிறகு மறு ஒளிபரப்பும், 1980-இல் வந்த பிளாஸ்டிக் பொம்மைகளும் அதைத் தூக்கி நிறுத்தின. மக்கள் எதை விரும்புவார்கள் என்று முதலாளிகள் போடும் கணக்கு எப்போதும் சரியாக இருப்பதில்லை என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

வால்கிரி இந்த வரிசையிலே வந்தது. ஆனால் முன்னவர்களிடம் இல்லாத ஒன்று அதனிடம் இருந்தது.

கீலும் மடிப்பும்

ஷோஜி கவமோரி 1960-இல் பிறந்தவர். தொடர் தொடங்கியபோது அவருக்கு வயது 22! 'ஸ்டூடியோ நூ' என்ற வரைவுக் குழுவிலே பணியாற்றிய மாணவர். கெய்யோ பல்கலைக்கழகத்திலே அவரோடு படித்த ஹருஹிகோ மிகிமோட்டோ, அதே கதைக்கு மாந்தர் உருவங்களை வரைந்தார். நொபோரு இஷிகுரோ தலைமை இயக்குநர். வரைந்த இருவரும் இருபது வயதைத் தாண்டியும் தாண்டாத பிள்ளைகள். பெரிய நிறுவனத்தின் பெரிய மேசைகளில் அமர்ந்தவர்கள் அல்லர்.

அதற்கு முன்பும் உருமாறும் இயந்திரங்கள் திரையிலே வந்ததுண்டு. 1974-இல் வந்த 'கெட்டர் ரோபோ'விலே மூன்று விமானங்கள் ஒன்றாகி ஒரு மனிதனாகும். எப்படி ஆகும்? கேட்கக்கூடாது! இரும்பு மாவைப்போல் நீளும், குறுகும், விரியும். படத்திலே பார்க்கலாம், கையிலே செய்ய முடியாது. கவமோரி அந்தப் பொய்யை ஏற்கவில்லை. திரையிலே மாறுவது கையிலும் மாறவேண்டும் என்று கொண்டார். உருமாற்றத்தைச் சோதிக்க லெகோ கட்டைகளை அடுக்கிப் பார்ப்பது அவர் வழக்கம். தச்சன் மரத்தை வெட்டுமுன் அளந்து பார்ப்பது போல!

எப்படி மாறுகிறது என்று பாருங்கள். இயந்திரப் பழக்கம் உள்ள தோழர்களுக்கு இது இனிக்கும்.

விமானமாக இருக்கும்போது நீளம் ஏறத்தாழ 14 மீட்டர். முன்னும் பின்னும் மடியும் இறக்கை. அமெரிக்கக் கடற்படையிலே 2006 வரை பறந்த எஃப்-14 டாம்கேட் விமானத்தைக் கண்டவர்கள் சாயலை உடனே அடையாளம் காண்பார்கள். அதன் அடியிலே இரண்டு எஞ்சின் கூடுகள் இருக்கின்றன. அவையே கால்கள்! நெருப்புக் கக்கும் குழாய்வாய் இரண்டாகப் பிரிந்தால் பாதம். அந்த இரு கால்களுக்கும் நடுவே மடித்து ஒளித்து வைக்கப்பட்டிருப்பவை கைகள். வயிற்றின் அடியிலே தொங்கும் சிறு லேசர் பீரங்கிக் கூண்டு, தலை. மூக்குப் பகுதி மடிந்து கீழிறங்கினால் மார்பும் வயிறும். இறக்கைகள் பின்னே சுருங்கி முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அடியிலே தொங்கிய சுழல் துப்பாக்கி கைக்கு வந்துவிடும். இப்போது நிற்பவன் ஏறத்தாழ 12.7 மீட்டர் உயரமுள்ள இரும்பு வீரன். ஒன்றும் மறைந்துபோகவில்லை, ஒன்றும் புதிதாக முளைக்கவில்லை. இருந்ததே இடம் மாறிற்று.

இந்த இரண்டுக்கும் இடையே மூன்றாவது ஒரு நிலை. கால் மட்டும் கீழே இறங்கும். கொக்கின் காலைப் போல மூட்டு பின்னோக்கி மடியும். கை வெளியே நீளும். மூக்கும் இறக்கையும் விமானமாகவே இருக்கும். பாதி பறவை, பாதி மனிதன்! 'கர்வாக்' என்று பெயர். நின்ற இடத்திலே மிதக்கலாம், பின்வாங்கலாம், விழுந்த தோழனைக் கையால் அள்ளிக்கொண்டு பறக்கலாம். கண்டவர் முதலிலே சிரித்தனர், பிறகு வியந்தனர், பிறகு அதையே விரும்பினர்.

படையிலே பதவி இருக்குமே, அதற்கு அடையாளம்? தலையிலே இருக்கிறது! சாதாரணச் சிப்பாயின் வால்கிரிக்குத் தலையிலே ஒரு லேசர் குழாய். அணித்தலைவனுக்கு நான்கு. இரும்பு மனிதனானாலும் பதவி வந்தால் தலையிலே தெரிந்துவிடுகிறது என்று சொல்லிச் சிரிக்கலாம்!

ஏன் மனித வடிவம்?

"விமானம் விமானமாக இருந்தால் போதாதா? கை எதற்கு, கால் எதற்கு? ஒவ்வொரு கீலும் ஒரு சுமை; ஒவ்வொரு மூட்டும் ஒரு பலவீனம்; 12 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நின்றால் எதிரிக்குக் குறி வைப்பது எளிதாயிற்றே!" - பொறியியல் அறிந்தவர் இப்படித்தான் கேட்பார். கேள்வி நியாயமானது. உண்மையான களத்திலே இப்படியொன்றைச் செய்யப் படைத்துறை எதுவும் முன்வரவில்லை என்பதும் மெய். எஞ்சினைச் சாய்த்து, ஹெலிகாப்டராக எழும்பி, விமானமாகப் பறக்கும் வி-22 ஆஸ்ப்ரே ஒன்று உண்டு; 1989-இல் முதலில் பறந்து 2007-இல் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் பணிக்கு வந்தது. அந்த ஒரு மாற்றத்தைச் சரிசெய்யவே அத்தனை ஆண்டுகள்! காராக மாறும் மனித வடிவம் ஒன்றை 2018-இல் ஜப்பானியப் பொறியாளர்கள் செய்து காட்டினார்கள். 'ஜே-டைட் ரைடு' என்று பெயர். உள்ளே மனிதர் அமரலாம். அது கேளிக்கைக்கு, போருக்கு அல்ல.

ஆனால் கதையாசிரியர்கள் அந்தக் கேள்விக்குக் கதைக்குள்ளேயே விடை வைத்தார்கள். கதைப்படி 1999-இல் விண்ணிலிருந்து ஒரு பெருங்கப்பல் பசிபிக் கடலிலே ஒரு தீவில் விழுகிறது. உள்ளே சென்று பார்க்கிறார்கள். கதவு பெரிது, படி பெரிது, இருக்கை பெரிது! இதை ஓட்டியவர்கள் மனிதனைப் போல் ஐந்து மடங்கு உயரமுள்ள அரக்கர்கள் என்று தெரிகிறது. அவர்கள் திரும்பி வந்தால்? பத்து மீட்டர் உயரமுள்ளவனோடு கைகலக்க, அவன் அளவுக்கு நிமிர்ந்து நிற்கும் உடல் வேண்டுமே! ஆகவே வால்கிரி மனிதனாகிறது. அச்சத்திலிருந்து பிறந்த வடிவம் அது. எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே எதிரியின் அளவெடுத்துத் தைத்த சட்டை!

இங்கேதான் நாம் நின்று நினைக்க வேண்டும். எதிரியின் உயரத்துக்கு உயர்ந்தார்கள், சரி. எதிரி யார், அவன் ஏன் போரிடுகிறான் என்று யாராவது கேட்டார்களா? இல்லை. அந்தக் கேள்வி கதையிலே பிறகுதான் வருகிறது, பெருந்துன்பத்துக்குப் பிறகு.

கப்பல் கை உயர்த்தினால்…

பத்து ஆண்டு உழைத்து அந்தக் கப்பலைச் செப்பனிடுகிறார்கள். 2009-இல் வெள்ளோட்டம். கொடி, கொண்டாட்டம், கோலாகலம். அன்றைக்கே அரக்கர் படை வானத்திலே வருகிறது. யாரும் ஆணையிடவில்லை, யாரும் விசையைத் தொடவில்லை, கப்பலின் பெரும்பீரங்கி தானாகவே சுட்டுவிடுகிறது! பழைய உரிமையாளர்கள் வைத்துவிட்டுப் போன பொறி அது. போர் தொடங்கிவிட்டது. யார் தொடங்கினார்? ஒருவரும் இல்லை! ஆனால் செத்தவர்கள் உண்டு.

தப்பிக்கத் தாவியபோது கணக்குத் தவறி, தீவும் ஊரும் சேர்ந்து புளூட்டோ அருகே போய் விழுகின்றன. பல்லாயிரம் மக்களைக் கப்பலுக்குள்ளே ஏற்றி, அவர்களுக்காக உள்ளேயே ஒரு நகரத்தைக் கட்டுகிறார்கள். கடை, தெரு, உணவகம், எல்லாம் கப்பலின் வயிற்றுக்குள். தாவிய வேகத்தில் கப்பலின் நடுவே ஒரு பொறி காணாமற்போய்விட்டது. அது இல்லாமல் பெரும்பீரங்கி இயங்காது. வழி? ஏறத்தாழ 1,200 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பலே உருமாற வேண்டும்! உறுப்புகள் இடம்மாறி, அறுந்த இணைப்பு மீண்டும் சேர்ந்து, கப்பலே கை கால் கொண்ட பேருருவாகி நிற்க வேண்டும்.

நிற்கிறது. பார்ப்பவன் கைதட்டுகிறான். ஆனால் உள்ளே? தெரு பிளக்கிறது, சுவர் சரிகிறது, நேற்றுக் கட்டிய கடை இன்று இடிகிறது. தலைவர்கள் கப்பலை வீரனாக்குகிறார்கள், மக்கள் வீடற்றவராகிறார்கள்!

தோழர்களே, இந்தக் காட்சியை நாம் எளிதாகக் கடந்துவிடக்கூடாது. பொம்மை விற்கும் விளம்பரத்திலே இந்தக் காட்சி வராது. வீரன் நிமிர்ந்து நிற்பது வரும். அவன் வயிற்றுக்குள்ளே சரிந்த வீடு வராது. ஒரு நாடு முறுக்கிக்கொண்டு கை ஓங்கும்போது அந்த முறுக்கின் வலி யாருடைய எலும்பிலே இறங்குகிறது என்பதைப் பெரும் பெரும் நூல்கள் சொல்லியிருக்கலாம். ஒரு சித்திரப்படம் ஐந்து நிமிடத்திலே காட்டிவிட்டது.

இன்னும் கேளுங்கள். அத்தனை இன்னலுக்குப் பிறகு பூமிக்குத் திரும்புகிறார்கள். வரவேற்பு? இல்லை! அரசாங்கம் அந்த மக்கள் இறந்துவிட்டதாக ஏற்கெனவே உலகத்துக்குச் சொல்லிவிட்டது. விண்ணகப் போரையே மறைத்துவிட்டது. உயிரோடு நிற்பவனைப் பார்த்து "நீ செத்தவன், இறங்காதே!" என்கிறது. சொன்ன பொய்யைக் காப்பாற்ற, உயிருள்ள மக்களைக் கைவிடும் ஆட்சி! கதைதான். ஆனால் கதையென்று சிரிக்க முடியவில்லையே!

பாடத் தெரியாத பட்டாளம்

இனி அந்த அரக்கர்களைப் பார்ப்போம். 'ஜென்ட்ராடி' என்று அவர்களுக்குப் பெயர். இலட்சக்கணக்கில் கப்பல். எதிர்த்தால் தூளாக்கும் வலிமை. ஆனால் அவர்களைப் போல் ஏழைகள் இல்லை!

அவர்களுக்குப் பாட்டுத் தெரியாது. ஆடத் தெரியாது. கதை தெரியாது. ஆணும் பெண்ணும் தனித்தனிப் பட்டாளம். ஒருவரையொருவர் கண்டதும் அதிர்ச்சி. குழந்தை என்றால் என்னவென்று தெரியாது. அம்மட்டோ? கப்பல் பழுதானால் பழுது பார்க்கவும் தெரியாது! தானே இயங்கும் தொழிற்கூடங்கள் கருவியைச் செய்து தள்ளும், இவர்கள் எடுத்துச் சுடுவார்கள், கெட்டுப்போனால் எறிவார்கள். முன்னொரு காலத்தில் ஒரு பேரரசு தனக்காகப் போரிட இவர்களை உண்டாக்கிற்று. போரைத் தவிர வேறு எதுவும் தெரிந்துவிடக்கூடாது என்று திட்டமிட்டு உண்டாக்கிற்று.

ஏன் பாட்டை மறுத்தார்கள்? பாடத் தெரிந்தவன் நினைப்பான். ஏன் கைத்தொழிலை மறுத்தார்கள்? செய்யத் தெரிந்தவன் 'இது என்னுடையது' என்பான். ஏன் காதலை மறுத்தார்கள்? காதலிப்பவனுக்குச் சாக மனம் வராது. நினைக்காதவன், செய்யத் தெரியாதவன், வாழ ஆசையில்லாதவன் - அவனே தளபதிக்கு ஏற்ற சிப்பாய்! ஆளுவோர் தேடும் அடிமையின் இலக்கணம் இதுதான். கருவியை உண்டாக்கத் தெரிந்த கையும், களைப்பிலே ஒரு பாட்டை முணுமுணுக்கத் தெரிந்த வாயும் உள்ள தொழிலாளி, அந்த அரக்கனைக் காட்டிலும் எவ்வளவோ செல்வந்தன்!

வேவு பார்க்க மூன்று ஜென்ட்ராடியரை மனித அளவுக்குச் சுருக்கிக் கப்பலுக்குள்ளே அனுப்புகிறார்கள். அவர்கள் பார்ப்பது என்ன? பீரங்கியையா? கோட்டையையா? கடைத்தெருவை! பொம்மையை! மின்மே என்ற இளம்பெண் பாடுவதை! திரும்பிப் போய்த் தோழர்களிடம் இரகசியமாகச் சொல்கிறார்கள். பாட்டு கப்பல் விட்டுக் கப்பல் பரவுகிறது. 'இங்கே இருந்தால் சாவு மட்டும். அங்கே போனால் வாழ்வு உண்டு' என்று சிப்பாய்கள் தப்பி வருகிறார்கள். வால்கிரியின் துப்பாக்கி சாதிக்காததை ஒரு பெண்ணின் குரல் சாதித்தது.

மிலியா என்ற ஜென்ட்ராடி வீராங்கனை, தன்னைத் தோற்கடித்த மாக்ஸ் என்ற வால்கிரி வீரனைக் கொல்வதற்காகத் தன்னைச் சுருக்கிக்கொண்டு வருகிறாள். கத்தி ஏந்துகிறாள்; தோற்கிறாள்; மணக்கிறாள்! பிறந்த குழந்தையைக் கண்டு அரக்கர் படை மிரண்டு நிற்கிறது. கேலிக்கூத்து என்பார் சிலர். ஆனால், எதிரி என்று சொல்லி வளர்க்கப்பட்ட இருவர் ஒரு வீட்டிலே குடியிருக்க முடியும் என்பதை அதைவிட எளிதாக எப்படிச் சொல்வது?

பாட்டும் படைக்கலமா?

இத்தோடு முடித்திருந்தால் அது இனிப்புக் கதை. ஆனால் அதற்கு மேலும் ஒரு கசப்பு இருக்கிறது. நாம் அதை மறைக்கமாட்டோம்.

பாட்டுக்கு எதிரி மயங்குகிறான் என்று தெரிந்ததும் தளபதிகள் என்ன செய்கிறார்கள்? 'போர் நிற்கட்டும், பாடுவோம்' என்கிறார்களா? இல்லை, 'பாட வை, சுடலாம்' என்கிறார்கள்! நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் பூமியைச் சுட்டெரித்த அந்தப் பெரும்போரில், மின்மேயின் பாட்டை வானமெங்கும் ஒலிக்கச் செய்து, எதிரி திகைத்து நின்ற நொடியிலே தாக்குகிறார்கள். மனிதரோடு சேர்ந்துகொண்ட ஜென்ட்ராடியரும் உடன் நிற்கிறார்கள். வெற்றி! ஆனால் பூமியிலே மக்கள் பெரும்பாலோர் மடிந்துவிட்டார்கள். பறவை வீரனானது போல, பாட்டும் பீரங்கியாயிற்று. உருமாறியது விமானம் மட்டும் அல்ல, தோழர்களே!

போர் முடிந்த பிறகும் கதை நிற்கவில்லை. ஆலையிலே வேலைக்கு வைத்த ஜென்ட்ராடியர் சிலர், சண்டையற்ற வாழ்வு பழகாமல் வெறுத்து, மீண்டும் ஆயுதம் தூக்குகிறார்கள். போருக்கென்றே வளர்த்தவனை அமைதி வந்த மறுநாளே மாற்றிவிட முடியாது என்ற உண்மையையும் கதை சொல்லாமல் விடவில்லை.

பின்னாளில் அதே வரிசையிலே வந்த கதைகள் இந்தக் கேள்வியை விடவில்லை. 1994-இல் தொடங்கிய 'மாக்ரோஸ் 7'-இல் பசாரா என்ற பாடகன் சிவப்பு வால்கிரியிலே பறக்கிறான். குண்டுக்குப் பதில் ஒலிபெருக்கியை எறிகிறான்! எதிரியின் கப்பலிலே அது குத்தி நின்று பாடுகிறது. பாட்டைப் பட்டாளத்துக்குக் கருவியாக்கச் சொன்னால் முகம் திருப்புகிறான். அதே ஆண்டு வந்த 'மாக்ரோஸ் பிளஸ்' மறுபுறத்தைக் காட்டிற்று. அங்கே பாடுவது பெண்ணல்ல; ஷாரோன் ஆப்பிள் என்ற இயந்திர அறிவு. அதன் பாட்டு மக்களை எழுப்பவில்லை, மயக்குகிறது. ஊரே வாய் பிளந்து நிற்க, ஆளில்லாத போர் விமானம் வானிலே வேட்டையாடுகிறது. இயந்திரம் எழுதுகிறது, இயந்திரம் பாடுகிறது, ஆளில்லாமல் குண்டு போடுகிறது என்று செய்தி படிக்கும் இந்தக் காலத்தில், முப்பது ஆண்டுக்கு முன்பே அதைத் தீட்டினார்களே என்று வியப்பதா, அஞ்சுவதா?

எழுப்பும் பாட்டு ஒன்று. மயக்கும் பாட்டு ஒன்று. இரண்டும் இனிமையாகத்தான் இருக்கும். பிரித்தறியும் காது வேண்டும்.

உழைப்பு யாருடையது?

இன்னொரு கதையும் இருக்கிறது. அது திரையிலே வரவில்லை. வழக்கு மன்றத்திலே வந்தது.

வால்கிரியின் பொம்மையைச் செய்து விற்றது 'டகடோகு' என்ற நிறுவனம். 55-இல் ஒரு பங்கு அளவு. திரையிலே மாறியபடியே கையிலும் மாறிற்று. பிள்ளைகள் அள்ளிச் சென்றனர். ஆயினும் அந்த நிறுவனம் 1984-இல் நொடித்தது. அச்சுகள் 'பாண்டாய்' கைக்குப் போயின. அந்த அச்சிலிருந்தே அமெரிக்காவின் 'ஹாஸ்ப்ரோ', தன் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' வரிசையிலே 'ஜெட்ஃபயர்' என்று பெயரிட்டு விற்றது. கவமோரி செதுக்கிய வால்கிரி கடல் கடந்து, பெயர் மாறி, வேறொரு படையிலே சிப்பாயாகச் சேர்ந்துவிட்டது!

படத்துக்கும் அதே கதி. அமெரிக்காவிலே நாள்தோறும் ஒளிபரப்பப் பகுதிகள் போதவில்லை. ஆகவே 'ஹார்மனி கோல்ட்' நிறுவனம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று ஜப்பானியத் தொடர்களை வெட்டி, ஒட்டி, 1985-இல் 85 பகுதிகளாக 'ரோபோடெக்' என்று வெளியிட்டது. அதைப் பார்த்து வளர்ந்த அமெரிக்கப் பிள்ளைகள் ஏராளம். அவர்களுடைய மகிழ்ச்சியை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் வரைந்த கைக்கும் விற்ற கைக்கும் இடையே வழக்கு வளர்ந்தது. உருவங்களும் இயந்திர வரைவுகளும் 'பிக் வெஸ்ட்', 'ஸ்டூடியோ நூ' ஆகியோருடையவை என்று 2002-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படச்சுருளின் உரிமை 'டாட்சுனோகோ' நிறுவனத்துக்கு என்று 2003-இல் மற்றொரு தீர்ப்பு வந்தது. பிள்ளையின் முகம் ஒருவருக்கு, உடல் மற்றொருவருக்கு என்பது போல! இதன் விளைவாக, பின்னாளில் வந்த மாக்ரோஸ் தொடர்கள் பலவும் ஜப்பானைத் தாண்டி முறையாகச் செல்ல முடியாமல் ஆண்டுக்கணக்கில் முடங்கின. 2021-இல்தான் பிக் வெஸ்ட்டும் ஹார்மனி கோல்டும் உடன்பாடு கண்டன.

உருமாறும் இயந்திரத்தைச் செய்ய 22 வயது இளைஞனுக்கு முடிந்தது. அது யாருடையது என்று முடிவு செய்ய முதலாளிகளுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டு ஆயிற்று!

பிள்ளைக்கு என்ன சொல்வோம்?

"போரைக் கண்டிக்கும் கதை என்கிறீர், ஆனால் கடையிலே விற்பது போர் விமானம்தானே? மின்மேயின் பாட்டு பரவிற்று என்கிறீர். பிள்ளை கையிலே இருப்பது துப்பாக்கிதானே?" - இந்தக் கேள்வியிலே உண்மை இருக்கிறது. நாம் மறுக்கவில்லை. பாட்டு போரை முடிக்கும் என்று சொன்ன கதையே, போர்க்கருவியை விற்றுத்தான் பிழைத்தது. அந்த முரண்பாட்டைக் கவமோரியின் கற்பனையும் தீர்க்கவில்லை; நாமும் இல்லாததுபோல் காட்டத் தேவையில்லை.

ஆனால் அதற்காகப் பிள்ளையின் கையிலிருந்து பொம்மையைப் பிடுங்கி எறிவதா? வேண்டாம். அது வேலிக்குள் பயிரையும் சேர்த்து வெட்டுவதாகும். கீல் எங்கே, மடிப்பு எங்கே, எது எதுவாகிறது என்று கண்டுபிடிக்கும் அந்த விரல்கள் நாளைக்கு ஒரு நெசவு எந்திரத்தைச் சீர்செய்யும். ஒரு நீரேற்று எந்திரத்தைப் புதிதாக வடிக்கும். கண்டுபிடிக்கும் ஆவலைக் கொன்றால், பழுது பார்க்கத் தெரியாத ஜென்ட்ராடியனைத்தான் வளர்ப்போம்.

பிடுங்க வேண்டாம். பக்கத்திலே அமர்ந்து முழுக் கதையையும் சொல்லுங்கள். பறவை வீரனாகும் அழகைச் சொல்லும்போதே, கப்பல் வீரனானபோது உள்ளே வீடு இடிந்ததையும் சொல்லுங்கள். எதிரி அரக்கன் என்று சொல்லும்போதே, அவனுக்குப் பாட்டை மறுத்தவன் ஒருவன் இருந்தான் என்பதையும் சொல்லுங்கள். பாட்டு வென்றது என்று சொல்லும்போதே, பாட்டையும் பீரங்கியாக்கிவிடுவார்கள், கவனம் என்று சொல்லுங்கள். பறவையும் வீரனும் பாதிப்பறவையுமாக மூன்று வடிவம் எடுக்கும் அந்த இயந்திரத்துக்குள்ளே, எந்த வடிவத்திலும் மாறாமல் அமர்ந்திருப்பவன் ஒருவன் உண்டு, அவன் மனிதன். அவன் மனிதனாகவே இருக்கிறானா என்பதுதான் கேள்வி. அதைக் கேட்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள்!